ஒரு உடம்புக்கு ஒரு உலோகம்

யானினாவில் வேலைக்குப் போகும் பெண்களில் பாதிப் பேர் தொமாயிஸின் கடைக் கண்ணாடியில் முகம் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார்கள் என்று சொன்னால் அது கொஞ்சம் மிகைதான். ரொம்ப மிகை இல்லை. ஏரிக்கு இறங்கும் தெருவில், மருந்துக்கடைக்கும் பேக்கரிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்தது அவள் கடை. கல்யாண உடுப்பு அங்கே கிடையாது. விருந்துக்குப் போட்டுக்கொண்டு போகிற பளபளப்பும் கிடையாது. பள்ளிக்கூடம், வங்கி, தபாலாபீஸ் என்று தினப்படி உடுத்திக்கொண்டு போகிற சட்டை, பாவாடை, மேல்கோட்டு, அவ்வளவுதான். துணி எந்தக் கடையிலும் கிடைக்கும். தொமாயிஸின் கண் வேறு கடையில் கிடைக்காது, அதற்காகத்தான் வந்தார்கள்.

சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, "இதோட என்ன போட்டுக்கறது?" என்று கேட்பார்கள். தொமாயிஸ் உடனே பதில் சொல்ல மாட்டாள். மூக்குக்கண்ணாடியின் சட்டத்தைப் பார்ப்பாள். கைக்கடிகாரம், பெல்ட்டின் கொக்கி, கைப்பையின் பூட்டு, சட்டையின் பட்டன் எல்லாவற்றையும் மேய்ந்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள்.

"கண்ணாடிச் சட்டம் தங்கக் கலரு. காதுல மட்டும் எதுக்கு வெள்ளி? ஒண்ணு கண்ணாடிய மாத்து, இல்ல காதை மாத்து."

"காதை எங்க போய் மாத்தறது தொமாயிஸ்?"

"அப்ப கம்மலை மாத்து. ஒரு உடம்புக்கு ஒரு உலோகம். எத்தன தடவ சொல்றது?"

இது அவள் சட்டம். வாடிக்கைக்காரிகள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போய்க் கம்மலை மாற்றுவார்கள். ஆனால் எங்கள் ஊரில் இந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்துவது லேசு இல்லை. யானினா கிரேக்க நாட்டிலேயே வெள்ளிக்குப் பேர்போன ஊர். தாய் வீட்டிலிருந்து வருவது வெள்ளி. கம்பி பின்னிய வளை, மார்பில் குத்தும் ஊசி, கம்மல், ஏழை வீட்டில்கூட ஏதாவது ஒன்று இருக்கும். புருஷன் போடும் மோதிரமோ தங்கம். அப்படிப் பார்த்தால் கல்யாணமான பெண் ஒவ்வொருத்தியும் குற்றவாளிதான். பக்கத்து மருந்துக்கடைக் கலிரோயி இதை ஒருநாள் பிடித்துக்கொண்டாள்.

"இந்தக் கையில அம்மா குடுத்த வெள்ளி வளை, அந்தக் கையில அவரு போட்ட தங்க மோதிரம். இப்ப நான் அம்மாவ விடவா, புருஷன விடவா? சொல்லு."

"மோதிரம் கணக்குல வராது" என்றாள் தொமாயிஸ். "அது நகை இல்ல. கையெழுத்து."

"புருஷன விட்டுடுன்னு சொல்லுவேன்னு ஆசையா இருந்தேன்" என்று கலிரோயி பெருமூச்சு விட, கடை முழுக்கச் சிரித்தது.

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று தொமாயிஸ் யாரிடமும் சொன்னதில்லை. பிறந்தது கடற்கரை ஊரான பிரெவெசாவில். அம்மா விடுதிகளில் அறை கூட்டுகிறவள். அம்மாவிடம் ஒரு தங்கத் தோடு இருந்தது, ஜோடி தொலைந்தது. அத்தை கொடுத்த வெள்ளி மோதிரம் ஒன்று, மூட்டுவலிக்காகப் போட்ட செப்புக் காப்பு ஒன்று, யாரோ விருந்தாளி அறையில் விட்டுப்போய்த் திரும்பக் கேட்காத பித்தளைச் சங்கிலி ஒன்று. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகும்போது எல்லாவற்றையும் மாட்டிக்கொள்வாள். "உங்கம்மா என்னடி, பழைய இரும்புக் கடையா?" என்று கூடப் படித்த பெண்கள் கேட்டார்கள். தொமாயிஸ் அந்த ஞாயிறு அம்மாவின் கையைப் பிடிக்காமல் இரண்டு அடி தள்ளி நடந்தாள். இல்லாதவர்கள்தான் இருப்பதையெல்லாம் ஒன்றாக மாட்டிக்கொள்வார்கள் என்று அன்று அவள் மண்டையில் ஏறிவிட்டது. பிறகு கடையில் வேலை பார்த்து, கடையே வைத்து, எந்தப் பெண்ணையும் யாரும் அப்படிக் கேட்டுவிடக் கூடாது என்று வரிந்துகட்டிக்கொண்டு நின்றாள். நல்ல எண்ணம்தான். அது அவளையே திரும்பி வந்து கடித்தது என்பதுதான் கதை.

அவள் கல்யாணம் செய்துகொண்டது முப்பத்தைந்து தாண்டின பிறகு. மாப்பிள்ளை தீமியோஸ், மெட்சொவோ மலைப் பாதையில் பஸ் ஓட்டுகிறவர். அதிகம் பேசாத மனிதர். முதல் மனைவி தெயானோ நோயில் போய்விட்டாள். ஒன்பது வயதில் லாம்பிரினி என்று ஒரு பெண். இரண்டாம் கல்யாணத்துக்கு எங்கள் கோவிலில் பாட்டு குறைவு, மன்னிப்பு கேட்கிற ஜெபம் அதிகம். தொமாயிஸ் அதைத் தலை குனியாமல் கேட்டுக்கொண்டு நின்றாள். வலது கையில் இருவருக்கும் தங்க மோதிரம் ஏறியது. அப்போதுதான் தீமியோஸின் இடது கையைப் பார்த்தாள். அங்கே ஒரு வெள்ளி மோதிரம் இருந்தது.

அது தெயானோ போட்டது. அந்தக் கல்யாணத்தை நடத்திய கிழட்டுப் பாதிரியார் பழைய புத்தகத்தை விட்டு இம்மி நகராதவர். ஒரு மோதிரம் தங்கம், ஒரு மோதிரம் வெள்ளி என்றுதான் அதில் எழுதியிருக்கிறது, கொண்டு வா என்று நின்றுவிட்டார். தங்கம் பெண்ணுக்குப் போயிற்று, வெள்ளி மாப்பிள்ளைக்கு வந்தது. தெயானோவின் தங்கம் அவளோடு மண்ணுக்குள் போய்விட்டது. வெள்ளியை மட்டும் தீமியோஸ் வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டிருந்தார்.

ஊரில் அத்தனை பேர் காதையும் கழுத்தையும் அதட்டிய தொமாயிஸ், தினமும் காலையில் ஒரு கையில் வெள்ளியும் ஒரு கையில் தங்கமுமாக ஸ்டியரிங் பிடிக்கப் போகிற தன் புருஷனிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. யார் வீட்டுக்குள் காலெடுத்து வைத்திருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியும். தெயானோவைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார அவளுக்கு ஆசையில்லை. பக்கத்தில் கொஞ்சம் இடம் கிடைத்தால் போதும்.

அந்த இடத்தைக் கொடுக்க வேண்டியவள் லாம்பிரினி. அந்தக் குழந்தை கழுத்தில் அம்மாவின் வெள்ளிச் சங்கிலி, அதில் ஒரு சின்னச் சிலுவை. குளிக்கும்போதுகூடக் கழற்றாது. அதன் பெயருக்கு உரிய திருநாள், எங்கள் பக்கத்தில் பிறந்தநாளைவிடப் பெரியது, ஈஸ்டர் அன்றைக்கே வரும். முதல் ஈஸ்டருக்குத் தொமாயிஸ் மெல்லிய தங்கக் காப்பு ஒன்று வாங்கினாள். அந்தச் சின்ன மணிக்கட்டைத் தூங்கும்போது நூலால் அளந்துகொண்டு போய் வாங்கினாள். ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்தது, மேஜையில் சிவப்பு முட்டைகள் இருந்தன. லாம்பிரினி டப்பாவைத் திறந்து பார்த்தது. பிறகு குனிந்து தன் சிலுவையைப் பார்த்தது.

"நீங்கதானே கடையில சொல்றீங்க, தங்கமும் வெள்ளியும் ஒண்ணா போடக் கூடாதுன்னு."

"அது கடைக்கு வர்றவங்களுக்கு. நீ போட்டுக்கலாம் கண்ணு."

"இல்ல. நீங்க எல்லாருக்கும்னுதான் சொல்றீங்க" என்று டப்பாவை மூடி, "ரொம்ப நன்றி" என்றது.

பெரியவர்கள் கொடுத்த பாடத்தைப் பிள்ளைகள் இப்படி ஒப்பித்தால் என்ன சொல்ல முடியும்? வீட்டில் எல்லாரையும் 'நீ' என்று கூப்பிடுகிற அந்தக் குழந்தை தொமாயிஸை மட்டும் 'நீங்க' என்றது. அடுத்த வீட்டுக்காரியைக் கூப்பிடுவதுபோல மரியாதையாக, தூரமாக.

வெள்ளி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். கலிரோயியும் கேட்டாள். ஆனால் தொமாயிஸால் முடியவில்லை. வெள்ளி கொடுத்தால் சிலுவையோடு போட்டிக்கு நிற்கிற மாதிரி ஆகும். அது அவளுக்கு வேண்டாம். ஊர் வாய் வேறு இருக்கிறது. வெள்ளி தாய்வழியில் தானாக வரும், புதிதாக வாங்கிப் போடுவதென்றால் தங்கம்தான். மூத்தாள் மகளுக்கு வெள்ளியைத் தள்ளிவிட்டுத் தங்கத்தைத் தனக்கு வைத்துக்கொண்டாள் என்று பேசுவார்கள். பேச வேண்டாம், நினைத்தாலே போதும், தொமாயிஸ் குறுகிப்போவாள். அதனால் ஒவ்வொரு ஈஸ்டருக்கும் தங்கம்தான். குண்டூசித் தலை அளவில் தோடு, ஒரு மெல்லிய சங்கிலி, இன்னொரு வருஷம் ஒரு குட்டி மீன் பதக்கம். ஒவ்வொன்றுக்கும் "ரொம்ப நன்றி" வந்தது. ஒவ்வொன்றும் அலமாரி இழுப்பறைக்குள் போயிற்று.

தொமாயிஸுக்குப் பெரிய ஆசை எதுவும் கிடையாது. திருநாளில், படத்துக்கு நிற்கும்போது போட்டுக்கொண்டு காட்ட வேண்டாம். சாதாரணமான ஒரு நாளில், பள்ளிக்கூடத்துக்கோ ரொட்டி வாங்கவோ போகும்போது, தான் கொடுத்த ஏதாவது ஒன்றை அந்தப் பெண் யோசிக்காமல் எடுத்து மாட்டிக்கொண்டு போனால் போதும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அது நடக்கவே இல்லை.

பிறகு அவளே ஒரு நாள் எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டாள்.

லாம்பிரினி படித்து முடித்து வங்கியில் வேலைக்குச் சேரப் போகிற சமயம். தானாகவே கடைக்கு வந்தாள். வந்து, "முதல் நாளுக்கு ஒரு கோட்டு வேணும், நீங்க பாத்துக் குடுங்க" என்றாள். தொமாயிஸுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இருந்ததிலேயே நல்ல கருநீலக் கோட்டை எடுத்தாள். பட்டன் எல்லாம் மங்கல் தங்க நிறம். மாட்டிவிட்டு, இடுப்பில் பிடித்துப் பார்த்து, குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டு தோள் தையலைச் சரிசெய்தாள். கண்ணாடியில் அந்தப் பெண்ணைப் பார்த்தபோது அவள் கண்ணில் பட்டது மகள் இல்லை. எத்தனையோ வருஷப் பழக்கத்தில் ஒரு வாடிக்கைக்காரிதான் பட்டாள்.

"சிலுவைய உள்ள விடு. பட்டனோட இடிக்குது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. வாயில் குண்டூசி. துப்பிவிட்டுப் பேசுவதற்குள் லாம்பிரினி கோட்டின் பட்டன்களை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்திருந்தாள்.

"உள்ள ஒளிச்சு வெக்கற மாதிரி எங்கம்மா என்ன தப்பு பண்ணா?"

"ஐயோ, நான் அப்படிச் சொல்லல லாம்பிரினி. வாய் தவறி..."

"வாய் தவறல. உங்க சட்டம் அதான். எங்க வீட்டுக்கு வந்த நாள்லருந்து அதான்." கோட்டை மடிப்புக் கலையாமல் மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தொமாயிஸும் கத்தி அழுது தீர்த்திருப்பாள்.

அந்த வாரமே லாம்பிரினி வங்கிக்குப் பக்கத்தில் ஒரு அறை பார்த்துக்கொண்டாள். சாமான் எடுக்க வந்த அன்று மாலை தீமியோஸ் அடுப்படி மேஜையில் உட்கார்ந்திருந்தார். தொமாயிஸ் காபி வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தபோது அவர் தன் வெள்ளி மோதிரத்தைக் கழற்றி மேஜையில் வைத்திருந்தார்.

"இதுவும் உன் கண்ணுல இடிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சா? இத்தன நாளா?"

குத்திக்காட்டிக் கேட்கவில்லை. அந்த மனிதருக்குக் குத்திக்காட்டத் தெரியாது. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தொமாயிஸ் கையைத் துடைத்துக்கொண்டு மோதிரத்தை எடுத்தாள். அவர் இடது கை விரலில் மோதிரம் இருந்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது. அந்த வெள்ளைமேல் சரியாக ஏற்றிவிட்டாள்.

"போட்டுக்கோங்க. விரல் அம்மணமா இருக்கு."

"ஊருக்கெல்லாம் சட்டம் சொல்றே. எனக்கு ஏன் சொல்லல?"

"நீங்க பஸ் ஓட்டறவரு. உங்க கைய யாரு பாக்கப்போறா?"

"நீ பாக்கறியே."

"பாக்கறேன். அதான் சொல்றேன், போட்டுக்கோங்க."

தாழ்வாரத்தில் பெட்டியின் சக்கரம் உருண்டது. வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அதன் பிறகு லாம்பிரினி ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வருவாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அவரோடு பேசுவாள். தொமாயிஸ் சுட்ட கீரை அப்பத்தை நன்றாக இருக்கிறது என்று சொல்லி இரண்டாவது துண்டும் வாங்கிக்கொள்வாள். சண்டை கிடையாது. சண்டை போடுவதற்கும் ஒரு உரிமை வேண்டுமே. ஈஸ்டருக்குத் தங்கம் கொடுப்பதைத் தொமாயிஸ் நிறுத்தவில்லை. கடையில் சட்டம் சொல்வதையும் நிறுத்தவில்லை. ஆனால் குரலில் பழைய காரம் போய்விட்டது என்று கலிரோயி கவனித்திருந்தாள்.

ஏரியிலிருந்து பனி ஏறி ஊரை மூடிக்கொள்கிற மாதத்தில் தீமியோஸ் இறந்தார். மெட்சொவோவிலிருந்து வந்து பஸ்ஸை நிறுத்தினார். பயணிகள் எல்லாரும் பத்திரமாக இறங்கினார்கள். இன்ஜினை அணைத்தார். அவர் மட்டும் இறங்கவில்லை.

இப்போதெல்லாம் நேராகக் கோவிலுக்கே கொண்டுபோய்விடுகிறார்கள். அவருடைய அக்கா தெஸ்போ கேட்கவில்லை, என் தம்பி வீட்டுக்கு வந்துவிட்டுத்தான் போவான் என்று சொல்லிவிட்டாள். தெஸ்போ கல் மாதிரி மனுஷி. கெட்டவள் இல்லை. துக்கம் வந்தால் அவளுக்கு உத்தரவு போட வேண்டும், அப்போதுதான் தாங்குவாள். கூடத்தில் சவப்பெட்டியை வைத்து, பழுப்பு சூட் போட்டு, டையை அவளே கட்டினாள். தொமாயிஸின் காதிலிருந்த தோட்டைக் கழற்றச் சொன்னாள். துக்க வீட்டில் தங்கம் ஆகாது. தொமாயிஸ் தோட்டையும் சங்கிலியையும் கழற்றிவிட்டு மோதிரத்தோடு நின்றாள். ஆஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்த தீமியோஸின் இரண்டு மோதிரங்களும் ஒரு காபித் தட்டில் இருந்தன.

சுற்றிலும் கறுப்பு உடுத்திய பெண்கள். பாதிப் பேர் அவள் கடைக்கு வருகிறவர்கள். தெஸ்போ தட்டிலிருந்து வெள்ளி மோதிரத்தை எடுத்தாள்.

"இத போட்டுவிடறேன். தங்கத்த நீ எடுத்து வெச்சுக்க."

"ஏன் அண்ணி?"

"ஏன்னா கேக்கறே? குடும்பக் கல்லறை. தெயானோ பக்கத்துல போறான். அவ போட்ட மோதிரத்தோட போறதுதான் முறை."

அந்தக் கல்லறையில் தனக்கு இடமில்லை என்று தொமாயிஸுக்கு எப்போதோ தெரியும். அதைப் பற்றி அவள் அழுததில்லை. ஆனால் தன் மோதிரமாவது அவர் கையோடு போகும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் இந்த வீட்டில் இருந்ததற்கு மண்ணுக்குள் ஒரு அடையாளம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

"ரெண்டையும் போட்டா என்ன அண்ணி?" என்று மெதுவாகக் கேட்டாள்.

தெஸ்போ நிமிர்ந்து பார்த்தாள். "ரெண்டையுமா? நீயா சொல்றே? ஊரு பூரா ஒரு உடம்புக்கு ஒரு உலோகம்னு அடிச்சு விரட்டினே. என் காதுல கெடந்த வெள்ளிக் கம்மலைக்கூட விட்டு வெக்கல. இப்ப என் தம்பிய மட்டும் ரெண்டு விதமா மாட்டி அனுப்பணுமா?"

தெஸ்போ சொன்னதில் பொய் எதுவும் இல்லை. வார்த்தை வார்த்தையாகத் தொமாயிஸ் சொன்னதுதான். மோதிரம் கணக்கில் வராது என்று அவள் சட்டத்திலேயே ஒரு வழி இருந்தது. எத்தனையோ தடவை சொன்ன பதில் அது. அந்த நேரத்தில் அது அவளுக்கு நினைவுக்கே வரவில்லை. கோவிலுக்குப் போகும் வழியில் அம்மாவின் கையைப் பிடிக்காமல் நடந்த அந்த ஞாயிறுதான் வந்தது. அதற்கு இது சரியான தண்டனை என்று தோன்றியது. "சரி" என்று சொல்லப் போனாள்.

லாம்பிரினி வந்தவர்களுக்கு அடுப்படியிலிருந்து காபியும் பிராந்தியும் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். தட்டை ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

"அத்தை, அந்த மோதிரத்த இப்படிக் குடு."

"நான் போடறேன். நீ தள்ளு."

"குடுன்னு சொல்றேன்ல." தெஸ்போவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். காபித் தட்டிலிருந்த தங்கத்தையும் எடுத்துக்கொண்டாள். "மோதிரம் கணக்குல வராது. அதையும் இவங்கதான் சொல்லுவாங்க. நீ பாதியக் கேட்டுட்டுப் பேசறே."

"நீ யாருக்காகப் பேசறே? உங்கம்மாவுக்குப் பக்கத்துல படுக்கப்போறான்டி!"

"தெரியும். எங்கம்மாவுக்காகவும்தான் பேசறேன்." இரண்டு மோதிரத்தையும் உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். "ஒரு நாள் அப்பா இந்த வெள்ளிய கழட்டி மேஜைல வெச்சுட்டாரு. திருப்பி எடுத்து அவர் விரல்ல போட்டுவிட்டது இவங்கதான். நான் தாழ்வாரத்துல பெட்டியோட நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். பாத்துட்டும் ஒண்ணும் சொல்லாம கதவச் சாத்திட்டுப் போனேன்."

சுவரில் மாதா படத்துக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்த விளக்கில் விரலை நனைத்து எண்ணெய் எடுத்தாள். அப்பாவின் விரல்கள் விறைத்திருந்தன. இரண்டு விரலிலும் எண்ணெய் தடவி, இடது கையில் வெள்ளியை ஏற்றினாள். பிறகு பெட்டியைச் சுற்றி இந்தப் பக்கம் வந்து வலது கையில் தங்கத்தை ஏற்றினாள். அது கணுவில் சிக்கியது. அவசரப்படாமல் திருகித் திருகி அடிவரை இறக்கினாள்.

"அப்பா வேலைக்குப் போறப்ப தினமும் ரெண்டும் போட்டுட்டுத்தான் போனாரு. இன்னிக்கும் அப்படியே போகட்டும்."

தெஸ்போ முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்புறம் அவள்தான் முதலில் ஓவென்று அழுதாள். தொமாயிஸுக்கு அழுகை வரவில்லை. கலிரோயி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தாள்.

நாற்பதாம் நாள் கோதுமை வேகவைத்து, மாதுளை முத்தும் சர்க்கரையும் சேர்த்து, கோவிலில் படைத்து எல்லாருக்கும் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு தொமாயிஸ் கடையைத் திறந்தாள். கறுப்புப் பாவாடை, கறுப்புச் சட்டை, வெறும் காது. மோதிரத்தை, தீமியோஸ் அன்று செய்ததுபோல, இடது கைக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். "இதோட என்ன போட்டுக்கறது?" என்று யாராவது கேட்டால், "உனக்கு எது பிடிக்குதோ போட்டுக்கோ" என்றாள். அதைக் கேட்டு வாடிக்கைக்காரிகள் பயந்துபோனார்கள். தொமாயிஸ் அதட்டாமல் அனுப்பிவைத்தால் சட்டை போட்ட மாதிரியே இல்லை என்று ஒருத்தி கலிரோயியிடம் போய்ப் புலம்பினாள். லாம்பிரினி ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துகொண்டுதான் இருந்தாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மோதிரத்தைப் பற்றி ஒருத்தியும் பேசவில்லை. நன்றி சொல்லத் தொமாயிஸ் பல தடவை வாயெடுத்தாள். 'ரொம்ப நன்றி' என்ற வார்த்தையை அந்த வீட்டில் இத்தனை வருஷம் எதற்கு உபயோகித்தார்கள் என்று நினைவு வந்ததும் விட்டுவிட்டாள்.

பனி விலக ஆரம்பித்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கடையைத் திறந்து தொமாயிஸ் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். லாம்பிரினி வங்கிக்குப் போகிற வழியில் உள்ளே வந்தாள். வெளிர்நீலச் சட்டை, சாம்பல் பாவாடை. கறுப்பைக் கழற்றியாகிவிட்டது. அதற்குத் தெஸ்போ ஒரு பாட்டுப் பாடியிருப்பாள். தொமாயிஸின் கண் பழக்கத்தில் முதலில் கழுத்துக்குப் போயிற்று. வெள்ளிச் சங்கிலி முன்பைவிடக் குட்டையாகியிருந்தது. சட்டைக்குள் மறைந்து மறைந்து தெரியும் சிலுவை இப்போது தொண்டைக்குழியில் நன்றாக உட்கார்ந்திருந்தது.

"சங்கிலி அறுந்துடுச்சா?"

"அறுத்தேன்" என்றாள் லாம்பிரினி. வலது கையை நீட்டினாள்.

சட்டைக் கைக்கு அடியில் ஒரு தங்கக் காப்பு பாதி தெரிந்தது. மெல்லியது. தொமாயிஸ் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து பார்த்தாள். முதல் ஈஸ்டர் காப்பு. ஒன்பது வயது மணிக்கட்டை நூலால் அளந்து வாங்கியது. வளர்ந்த கைக்கு அது பத்தாது, வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அந்த இடைவெளியில் ஒரு துண்டு வெள்ளிச் சங்கிலி கோத்திருந்தது. சிலுவைச் சங்கிலியிலிருந்து எடுத்த கண்ணிகள். வெள்ளிப் பட்டறைகள் இருக்கிற கோட்டைத் தெருவில் யாரோ நல்ல கைக்காரன் பற்றவைத்திருக்கிறான், ஒட்டு தெரியவில்லை.

"போட்டுப் பாத்தேன், மூடல" என்றாள் லாம்பிரினி. கண்ணைத் தூக்கவில்லை. "பெரிசு பண்ணித் தரேன்னு கடைக்காரன் சொன்னான். அதுக்குத் தங்கம் வேணாம், இது இருக்குன்னு சங்கிலியக் குடுத்துட்டேன்." மற்றக் கையால் காப்பைத் திருகினாள். "இடிக்குதா?"

தொமாயிஸ் பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்வையை நகர்த்தினால் அழுதுவிடுவோம் என்று பயமாக இருந்தது. வெளிர்நீலம், சாம்பல், சட்டைப் பட்டன் முத்து நிறம், கைக்கடிகாரத்தில் தோல் பட்டை. ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தாள். பிறகு அவளுடைய பழைய குரல், வாடிக்கைக்காரிகள் பயந்து கேட்கிற அந்த அதட்டல் குரல், எங்கிருந்தோ திரும்பி வந்தது.

"சட்டைக் கைய மடிச்சுவிடு. பாதி மறையுது பாரு."

லாம்பிரினி கையை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினாள்.

"நீயே மடிச்சுவிடு."

தொமாயிஸ் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்தச் சட்டைக் கையின் முத்துப் பட்டனைக் கழற்றினாள்.